சட்டை இறுகும் வயது

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. மலருக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



காலையிலிருந்து விறாந்தையில் ஒரு கூட்டம் நகராமல் நிற்கிறது. அங்கே பழைய புகைப்படங்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பும் அங்கேதான் நின்றது. 1996ஆம் ஆண்டு வலைப்பந்து அணியின் படம் ஒன்று இருக்கிறது. ஏழு பேர், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைப் பின்னல். ஏழு பேரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஈர்க்குக் குச்சிகளாக நிற்கிறோம். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். ஐந்தும் ஐந்து விதம். விறாந்தையில் நின்ற அரை மணித்தியாலத்தில் எங்கள் காதில் விழுந்த வசனங்களில் முக்கால்வாசி உடம்பைப் பற்றியவை. "இது நீயோ? ஆளே அடையாளம் தெரியேல்லை." "அக்கா, நீங்கள் மட்டும் அப்படியே இருக்கிறீங்கள்." "பிள்ளை பிறந்தபிறகு வைச்ச உடம்பு, இறங்கவே இல்லை."

மலர்க் குழுவினர் எங்களிடம் கேட்டது "அழகும் ஆரோக்கியமும்" என்ற தலைப்பில் இருபது நிமிடம். அழகைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி இல்லை. விறாந்தையில் கேட்டதைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தோம். வயது போகப் போகப் பெண்ணின் உடம்பு ஏன் வடிவம் மாறுகிறது, அதில் எது இயல்பு, எதைக் கவனிக்காமல் விடக்கூடாது என்பதே விஷயம். இந்தக் கடைசிப் பகுதிக்கு எங்கள் வகுப்பு கொஞ்சம் விலை கொடுத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

கிளினிக்கில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் எங்களிடம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டொக்டர், கிலோ கூடேல்லை. அஞ்சு வருசமா அதே நிறைதான். ஆனால் சட்டை இறுகுது. ஏன்?" தையற்காரி அளவைப் பிழையாக எடுத்துவிட்டா என்றுதான் முதலில் நினைப்போம். தையல் தெரிந்தவர்கள் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பார்கள், பிறகு பிரித்து விடலாம் என்று. அந்த இரண்டு விரலும் முடிந்தபிறகுதான் டொக்டரிடம் வருகிறோம்.

தராசு பொய் சொல்லவில்லை. தராசுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஸ்வான் என்ற ஆய்வு, 42க்கும் 52க்கும் இடைப்பட்ட 3,300 அளவிலான பெண்களைச் சேர்த்து, ஆண்டுதோறும் அழைத்து அளந்தது. மாதவிலக்கு ஒழுங்கு தவறத் தொடங்கும் காலத்தில் நிறை திடீரென்று ஏறவில்லை. முன்பு ஏறிய அதே வேகத்தில்தான் ஏறியது. ஆனால் உள்ளே கணக்கு மாறியிருந்தது. கொழுப்புச் சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டித்தது. அதேநேரம் தசை குறையத் தொடங்கியது. கடைசி மாதவிலக்கு முடிந்து இரண்டு ஆண்டுகள் வரையில் இந்த மாற்றம் போய், பிறகு தணிந்தது. கொழுப்பு தசையைவிடப் பாரம் குறைந்தது, இடத்தை அதிகம் பிடிப்பது. ஒரு கிலோ தசை போய் ஒரு கிலோ கொழுப்பு வந்தால் தராசு அசையாது. சட்டை அசையும்.

அந்த ஆய்வில் வெள்ளையினப் பெண்கள், கறுப்பினப் பெண்கள், சீன, ஜப்பானிய, ஸ்பானிய வம்சப் பெண்கள் இருந்தார்கள். நம்மைப் போன்றவர்கள் இல்லை. இது நமக்குப் பழகிய கதை. இலங்கை முழுவதற்குமான நீரிழிவு ஆய்வு 2005, 2006 ஆண்டுகளில் நடந்தபோதும் ஒன்பது மாகாணங்களில் ஏழுதான் அளக்கப்பட்டன. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அந்த ஏழு மாகாணங்களில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சீனி வருத்தம் இருந்தது. அதற்கு முந்திய நிலையில் இருப்பவர்களையும் சேர்த்தால் ஐவரில் ஒருவருக்கு மேல். நூற்றுக்கு 26 பேருக்கு வயிற்றைச் சுற்றிய பருமன். திருகோணமலை நகரத்துத் தெருவில் நடந்து பார்த்தால் நம்முடைய எண்கள் அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எங்களுக்கு மனம் வருவதில்லை.

இனிக் கொழுப்பு எங்கே போய் அமர்கிறது என்ற விஷயம். 1947இல் பிரான்சின் மார்செய் நகர் வைத்தியர் ஜோன் வாக் ஒரு கட்டுரை எழுதினார். பருமன் எவ்வளவு என்பதைவிட அது உடம்பில் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்றார். இடுப்பிலும் தொடையிலும் சேர்வதைப் பெண் வகை என்றும், வயிற்றிலும் மேலுடம்பிலும் சேர்வதை ஆண் வகை என்றும் பிரித்தார். சீனி வருத்தமும் இருதய நோயும் இரண்டாவது வகையைத்தான் தேடி வருகின்றன என்று கண்டார். அந்தக் காலத்தில் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பூப்படையும் வயதில் ஈஸ்திரஜன் என்ற ஓமோன் வந்து கொழுப்பை இடுப்புக்கும் தொடைக்கும் பின்புறத்துக்கும் அனுப்புகிறது. ஒன்பதாம் வகுப்பில் பெல்ட் போட்டால் இடை தெரியத் தொடங்கியது அதனால்தான். அது கர்ப்ப காலத்துக்கும் பால் கொடுக்கும் காலத்துக்கும் உரிய சேமிப்பு. இலேசில் கரையாது. சீனன்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், 99 தாங்கிகள். அவை ஊருக்கு எட்டத்தில், மரங்களுக்கு இடையில் கிடக்கின்றன. ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. தொடைக் கொழுப்பு அந்த மாதிரி. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, சமையலறை வாசலில் பீப்பாய் பீப்பாயாக அடுக்கிய எண்ணெய். அதன் இரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரலில் கொழுப்புப் படிகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் பிறசரும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன.

50 வயதை ஒட்டி மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்திரஜன் இறங்குகிறது. எட்டத்துத் தாங்கிக்கு அனுப்பும் கட்டளை நின்றுவிடுகிறது. புதிதாக வருவதெல்லாம் வாசலில் இறங்குகிறது. இடுப்பு மெலிந்து வயிறு முன்தள்ளும். மார்பகத்தில் பால் சுரக்கும் திசு குறைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும், அதனால் தளரும். கையின் மேற்பகுதி தொங்கும். கழுத்துக்குக் கீழே முதுகில் ஒரு மடிப்பு வரும். இவை வருவது யாருடைய சோம்பலாலும் அல்ல. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வயதுப் பெண்கள் எங்கள் முன்னால் வந்து அமரும்போது குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்களைப்போலத்தான் பேசத் தொடங்குகிறார்கள். "நான் ஒண்டும் பெரிசாச் சாப்பிடுறதில்லை டொக்டர்" என்று, நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

நம்முடைய இனத்துக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது. 2004இல் லான்செற் என்ற மருத்துவச் சஞ்சிகையில் ஒரு படம் வந்தது. புனே நகர் வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இருவரும் ஆண்கள்தான், பரவாயில்லை, நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. வெளியில் மெல்லியவர்களாகத் தெரியும் நம்மவர்களின் உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. இது பிறப்பிலேயே தொடங்குகிறது. யாஜ்னிக் குழுவினர் அளந்த புனேப் பகுதிக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு நிறை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதம்ரன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளில் தசையும் உள்ளுறுப்புகளும்தான் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. ஆகவே பி.எம்.ஐ. 25 வரை பாதுகாப்பு என்ற வெள்ளைக்காரக் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஆசிய நாட்டவருக்கு 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது.

வயிற்றில் இருக்கும்போதே பசியை அறிந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1944, 45 குளிர்காலத்தில் ஒல்லாந்து தேசத்தின் மேற்குப் பகுதியில் ஜேர்மானிய முற்றுகையால் பஞ்சம் வந்தது. அப்போது கருவாக இருந்தவர்களை ஐம்பது வயதில் அளந்து பார்த்தார்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பஞ்சத்தைக் கண்ட பெண்களின் பி.எம்.ஐ. மற்றவர்களைவிட 7 சதவீதமளவு கூட இருந்தது. ஆண்களில் அந்த வித்தியாசம் இல்லை. 1985இலும் 1990இலும் இந்த மாவட்டத்தில் வீடு வாசலை விட்டு ஓடி, முகாம்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கர்ப்பிணித் தாய்மாரை நாங்கள் அப்போது நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் பெற்ற பெண் பிள்ளைகள்தான் இன்று முப்பது, நாற்பது வயதில் எங்கள் கிளினிக் வாங்குகளில் அமர்ந்திருக்கிறார்கள். "தின்னுறது கூடிப்போச்சு" என்று அவர்களைப் பார்த்து ஒற்றை வரியில் சொல்லிவிட எங்களால் முடிவதில்லை.

அந்தக் காலத்தில் உடம்பு வைப்பது நல்ல செய்தியாகவும் இருந்தது என்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் அறிவார்கள். "இளைச்சுப் போனீர்" என்றால் அனுதாபம். "உடம்பு வைச்சிருக்கு" என்றால் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறியும் நல்லெண்ணெயும் முட்டையுமாகக் கொடுத்து, வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டி வைப்பார்கள். அந்தக் கட்டு, விலகிப்போன வயிற்றுத் தசைக்குத் தாங்கல் கொடுக்கும், நடுவுக்கு இதமாக இருக்கும். கொழுப்பைக் கரைக்காது. ஒவ்வொரு பிள்ளையோடும் இரண்டு மூன்று கிலோ இறங்காமல் தங்கிவிடுவதும் உண்டு. மூன்று பிள்ளை என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு சாப்பாடு மாறியது. 1980இல் சீனன்குடாவில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. நாங்கள் பிறந்த காலமும் அதுதான். அம்மம்மா அரிசி மாவில் அவித்த பிட்டும் இடியப்பமும் மெல்ல மெல்லக் கோதுமை மாவுக்கு மாறின. காலையில் பாண், இரவில் றொட்டி, விருந்தாளி வந்தால் கொத்து. ஆலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எத்தனையோ வீட்டில் அந்த வேலையில்தான் அடுப்பு எரிந்தது. பஞ்சத்தில் பாண்தான் காப்பாற்றியது. ஆனால் கோப்பை நிறைய மாச்சத்து, ஓரத்தில் ஒரு கரண்டி கறி என்ற பழக்கம் போகவில்லை. கடல் மூன்று பக்கமும் இருக்கிற ஊரில் மீன் துண்டு அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் போய், சமைத்தவளுக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பும் சோறும்தான் மிஞ்சுகிறது. அதையும் பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்குமேல் பிள்ளை மிச்சம் விட்டதை வீணாக்கக்கூடாது என்று. பால்தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஐந்து முறை, தடவைக்கு இரண்டு கரண்டி சீனி. விரதத்தைப் பற்றிப் பேசினால் கோயில் அக்காமார் கோபிப்பார்கள், ஆனாலும் விரத நாளில்தான் வடையும் மோதகமும் பாயசமும் கூடுதலாக உள்ளே போகின்றன என்பதை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறோம்.

நடையும் மாறியது. எங்கள் காலத்தில் உப்புவெளியிலிருந்தும் ஓர்ஸ் ஹில்லிலிருந்தும் லுமாலா சைக்கிளில் வந்தோம். காவலரணில் இறங்கி உருட்டி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறி மிதித்து வந்தோம். இப்போது சந்தி வரைக்கும் ஸ்கூட்டி. 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? நாலு மாதம் மிதித்தோம். வரிசை முடிந்த அன்றே மறுபடி கொண்டுபோய்ப் பின்பக்கம் சாத்திவிட்டோம்.

பாட்டிமாரின் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. கிணற்றில் அள்ளி, உரலில் இடித்து, அம்மியில் அரைத்த அவர்களுக்குத் தசை இருந்தது உண்மை. ஆனால் எங்கள் அம்மம்மா எழுபது வயதில் எங்கள் தோளுக்கும் கீழே இருந்தா. கூன் விழுந்து, வயிறு முன்னுக்கு வந்து, சேலைத் தலைப்புத் தரையில் இழுபடும். "கிழவி சுருங்கிப் போச்சு" என்று சிரிப்போம். அது முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நொறுங்கி இறங்கியதால் வந்தது என்று அப்போது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. உயரம் குறைந்தால் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் உள்ள இடம் குறைகிறது. உள்ளே இருப்பவை முன்னால் தள்ளப்படுகின்றன. ஆகவே எழுபது வயதில் வரும் வயிறு எல்லாம் கொழுப்பு அல்ல. இளமையில் இருந்த உயரத்தைவிட ஒன்றரை அங்குலத்துக்குமேல் குறைந்திருந்தால் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். முன்வரிசையில் இருக்கும் எங்கள் ரீச்சர்மாருக்கு இதை விசேடமாகச் சொல்கிறோம். நீங்கள் எங்களுக்கு இவ்வளவு சின்னவர்களாகத் தெரிவது நாங்கள் வளர்ந்ததால் மட்டும் அல்ல.

இனி எங்கள் வகுப்பின் கதை.

எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கனடாவில் இருப்பவர்கள், லண்டனில் இருப்பவர்கள், இங்கே இருப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறோம். வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்குப் போன மூவரும் இருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களில் ஒருத்தி தன் மகளின் பிறந்தநாள் படத்தைப் போட்டாள். சேலையில் வயிறு தெரிந்தது. "எத்தினை மாசம்?" என்று ஒருத்தி எழுதினாள். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. டொக்டர்களாகிய எங்கள் மூவருடையதும் அவற்றுள் இருந்தன.

அவள் வெட்கப்பட்டுச் சோற்றைக் குறைத்தாள். தினமும் மாலை டச்சுக் குடாக் கடற்கரையில் நடந்தாள். முகம் வற்றியது, கை மெலிந்தது. "நல்லா இறங்கீட்டாய்" என்று நாங்கள் பாராட்டினோம். வயிறு மட்டும் இறங்கவில்லை, கூடியது. கொஞ்சம் சாப்பிட்டவுடன் நிறைந்துவிடுகிறது என்றாள். அடிக்கடி சிறுநீர் போகிறது என்றாள். நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று குழுவில் யாரோ பதில் எழுதினார்கள். நாங்கள் மறுக்கவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் ஸ்கேன் செய்தாள். சூலகத்தில் கட்டி, வயிற்றுக்குள் நீர். புற்றுநோய்.

சத்திரசிகிச்சையும் ஆறு முறை மருந்தேற்றலும் நடந்தன. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இரவு பஸ்ஸில் போய் வந்தாள். முடி கொட்டியது, முளைத்தது. இன்றைக்கு இந்த மண்டபத்தில் இருக்கிறாள். இந்த உரையை எழுதியபோது அவளிடம் வாசித்துக் காட்டினோம். "சொல்லுங்கோ, பேரை மட்டும் சொல்லாதேங்கோ" என்றாள். பிறகு, "நீங்கள் மூண்டு பேரும் சிரிச்சதையும் சொல்லுங்கோ" என்றாள். சொல்லிவிட்டோம்.

வைத்தியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவர்களுக்கே தோழியின் வயிறு என்றால் பகிடிதான் முதலில் வருகிறது. உடம்பு மாறுவது இயல்பு என்று இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த "இயல்பு" என்ற சொல்லுக்குள்தான் அவளுடைய நாலு மாதம் தொலைந்தது. வயதோடு வரும் வயிறு ஆண்டுக்கணக்கில், மெதுவாக வரும். காலையில் குறைந்து இரவில் கூடும் வாய்வு வேறு. வாரக்கணக்கில் பெருக்கும் வயிறு, முகமும் கையும் வற்றும்போது வயிறு மட்டும் வளர்வது, கொஞ்சம் சாப்பிட்டவுடன் வயிறு நிறைவது, அடிவயிற்றில் நோ, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் போவது, இவை புதிதாக வந்து மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் செய்ய வேண்டும். கருப்பையில் வளரும் நார்க்கட்டியும் வயிற்றைப் பெருப்பிக்கும், அதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் எது எது என்று வெளியில் நின்று பார்த்துச் சொல்ல எங்களாலும் முடியாது. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் காத்திருக்கக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

எல்லாப் பழியையும் தைரொயிட்டின் தலையில் போடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. தைரொயிட் சுரப்புக் குறைந்தால் நிறை கூடும்தான், ஆனால் சில கிலோக்கள்தான், அதிலும் பாதி நீர். ஒரு இரத்தப் பரிசோதனை போதும். அதைவிட மோசம், முகநூலில் விற்கும் மெலிய வைக்கும் தூளும் மாத்திரையும். சிபுட்ரமின் என்ற மருந்து இருதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மூலிகை என்று பெயர் போட்டு வரும் பொதிகளில் அதே மருந்து இன்னமும் பல நாடுகளில் பிடிபடுகிறது. மூட்டு நோவுக்கென்று பெயரில்லாத வெள்ளை மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் அக்காமாரும் இருக்கிறார்கள். அதில் ஸ்ரீரொயிட் இருந்தால் முகம் உருண்டு, வயிறு தள்ளி, கை கால் மட்டும் குச்சியாகும். அந்த உருவத்தைக் கண்டால் வாசலில் வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? தராசை விட்டு அளவு நாடாவை எடுங்கள். நம் மொழியில் இடுப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் எங்கே அளப்பது என்பதில் குழப்பம் வருகிறது. சேலை கொசுவும் இடம் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்குள், அதாவது 31½ அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. இது நினைவில் நிற்காவிட்டால் உயரத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அடி உயரமென்றால் 30 அங்குலம். அதைத் தாண்டியிருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்போம், மேடையில் நிற்பவர் உட்பட. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. உடம்பை அசைத்தால் முதலில் அதுதான் குறைகிறது. நிறை இறங்காவிட்டாலும் நாடா இறங்கும்.

நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் தசையைத் திருப்பித் தராது. கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை நிரப்பித் தூக்கி இறக்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். கோப்பையில் மீனை முதலில் உங்களுக்குப் போடுங்கள், முள்ளோடு தின்னக்கூடிய நெத்தலி என்றால் எலும்புக்கும் ஆகும். இது சுயநலம் என்று தோன்றினால் கொஞ்ச நாளைக்குச் சுயநலமாக இருங்கள். ஓமோன் மாத்திரை மெலிய வைக்குமா என்று கேட்கிறார்கள். உடம்பு எரிவு, நித்திரையின்மை தாங்க முடியாதவர்களுக்கு அது நல்ல மருந்து. மெலிவதற்கென்று கொடுப்பதில்லை.

35 வயதிலும் 45 வயதிலும் எம்.ஓ.எச். அலுவலகத்தில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போக வேண்டும். 1996இலிருந்து இந்த நாட்டில் அது இலவசமாக நடக்கிறது. பிறசர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடும். குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வந்து அழைத்தாலும் "அடுத்த மாதம் வாறன்" என்று சொல்லும் பெண்களில் ஆசிரியைகள்தான் அதிகம் என்பது எங்கள் அவதானம்.

இன்னும் ஒன்று, இப்போது படிக்கும் தங்கைமாருக்கு. பின்வரிசையில் சீருடையில் நிற்கிறீர்கள். உங்களில் சிலர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருவது எங்களுக்குத் தெரியும், போனில் பார்த்த இடையளவுக்காக. விறாந்தைப் படத்தில் நாங்கள் மெலிந்து நிற்பதற்குக் காரணம் அழகு அல்ல. 1996இல் பல வீடுகளில் இரண்டு நேரம்தான் சாப்பாடு. இந்த வயதில் இடுப்பில் சேர்வது சேர வேண்டியது. எலும்பையும் இப்போதுதான் கட்டிக்கொள்ள முடியும், எங்கள் வயதில் இருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான் முடிகிறது.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் நான்கு அளவு நாடாக்கள் வைத்திருக்கிறோம். மருத்துவமாதுவாக வேலை செய்யும் 2003 வகுப்புத் தங்கை ஒருவர் அங்கே இருக்கிறார், திரைச்சீலையும் கட்டியாகிவிட்டது. அளவை அவர் உரக்கச் சொல்லமாட்டார், துண்டில் எழுதி மடித்துக் கொடுப்பார். எங்கள் தோழியும் அவருக்கு உதவியாக இருக்கிறாள். யார் என்று தேட வேண்டாம், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவளே கதைப்பாள். தேநீர் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிளேன்டீ, சீனியைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறோம்.